காப்பறையில் நாற்பத்தேழாம் கேள்வி

எங்கள் கட்டடத்தின் அடியில்
இன்னும் வராத ஒரு போருக்கு அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.
ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு,
காற்றை வடிகட்ட ஒரு கைச்சக்கரம்.
போர் வரும்வரை அங்கே
பனிச்சறுக்குக் கட்டைகள், உருளைக்கிழங்கு,
ஷ்பிரேசாவின் மிளகாய்ப் போத்தல்கள்,
பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரம் ஒன்று,
மடக்கு மேசையில் நான்.

பரீட்சைக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
சுகிர்தன் வெதுப்பகத்துக்கு இரவு வேலைக்குப் போய்விட்டான்,
மூன்றாம் மாடியில் மகன் நித்திரை.
வீட்டில் புத்தகத்தைத் திறந்தால்
சலவைக்கூடை என்னையே பார்க்கிறது.
இங்கே கைபேசிக்குச் சிக்னல்கூட வராது.
அரை மணிக்கொருமுறை மேலே போய்
அவன் மூச்சைப் பார்த்துவிட்டு வருவேன்.

கேள்வி நாற்பத்தேழு:
ஒரு மருத்துவமனை, மூன்று கிளைகள்.
ஒருபக்கம் நோயாளர் பதிவேடு,
மறுபக்கம் வரவேற்பறை வைஃபை.
இடையில் என்ன வைப்பாய்?
நான்கு விடையில் மூன்று சரிதான்.
மிகச் சிறந்தது எது என்று கேட்கிறான், பாவி.

கீறுகிறேன்.
வெளி வலயம், உள் வலயம்,
நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வலயம்:
எங்கள் படிக்கட்டுத் தளம் மாதிரி.
சப்பாத்து வைக்கலாம், குந்தியிருக்கக் கூடாது.

ஃபயர்வால் விதிகள் எனக்குச்
சலவையறையிலேயே பாடமாகிவிட்டன.
செவ்வாய், ஏழு முதல் பன்னிரண்டு,
மூன்றாம் மாடி இடப்பக்கம்: அனுமதி.
கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை,
ஆனாலும் அது இருக்கிறது:
மேலே சொல்லாத அனைவருக்கும் மறுப்பு.
ஒரு புதன்கிழமை ஒரேயொரு தலையணை உறை போட்டேன்.
அரை மணியில் கதவில் மஞ்சள் தாள்.
பதிவு வைப்பதில் ஹெஃப்லிகர் ஐயாவை வெல்ல
இன்னும் எந்த இயந்திரமும் செய்யப்படவில்லை.

ஒற்றைப் பழுதுப் புள்ளி என்றால் என்ன?
ஓல்ட்டன் ரயில் நிலையம், என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.
இங்கே ஒரு சிக்னல் செத்தால்
சூரிச்சில் ஒருத்தி கூட்டத்துக்குப் பிந்துவாள்.

பகலில் என் வேலை
கடவுச்சொல் மறந்தவர்களுக்குப் புதிது கொடுப்பது.
நாளுக்கு நாற்பது பேர், ஆறு வருடம்.
வரைபவர்கள் நான்காம் மாடியில்.
என் அட்டையைக் காட்டினால் லிஃப்ட் மூன்றோடு நின்றுவிடும்.
சான்றிதழ் வந்தால் திறக்கும் என்கிறார் ரேட்டோ,
எழுத்தில் தரவில்லை.

அன்றிரவு நான் கொஞ்சம் செருக்கோடுதான் இருந்தேன்.
ஒவ்வொரு வாசலாக மூடி,
மூடியதைக் காக்க இன்னொன்று வைத்து,
எதுவும் உள்ளே வராத எதுவும் வெளியே கசியாத
ஒரு படத்தைக் கீறி முடித்து நிமிர்ந்தபோது
மணி பதினொன்றே முக்கால்.
இரண்டு அரைமணிகள் தவறியிருந்தன.

அப்போதுதான் கேட்டது,
எங்கோ தூரத்தில் யாரோ ஆணி அறைவதுபோல்.
கதவை இழுத்தேன்.
இரவுச் சட்டையில் ஷ்பிரேசா,
கையில் ஒரு மரச்செருப்பு,
தோளில் என் பிள்ளை,
அவள் தோள்பட்டை முழுக்க அவன் சத்தி.
எட்டு முறை எடுத்தேன், போகவில்லை என்றாள்
தன் ஜெர்மனில் என் ஜெர்மனுக்கு.

அவளுக்கு நான் சாவி கொடுத்ததில்லை.
உப்புக்கூடக் கேட்டதில்லை.
ஏழு வயது, வெறுங்கால்,
யாருக்கும் சொந்தமில்லாத அந்தத் தளத்தில்
நான்கே எட்டு வைத்து
எதிர்க் கதவைத் தட்டியிருக்கிறான்.

காய்ச்சல் முப்பத்தெட்டரை. பெரிதில்லை.
அவனைத் துடைத்துப் படுக்கவைத்து
அவள் சட்டையையும் விடாப்பிடியாக வாங்கி
என் விரிப்போடு சுருட்டி
நடுச்சாமத்தில் இயந்திரத்தில் போட்டேன்.
வியாழன். என் நாளில்லை.
அது உறுமியது, கட்டடம் முழுக்க.

காலையில் மஞ்சள் தாள்.
நேரம் துல்லியமாக: 00.40.
இரண்டு வரி, இரண்டு ஆச்சரியக்குறி.
கிழித்தெறியப் போனவள்
பின்பக்கம் வெறுமையாய் இருப்பதைப் பார்த்து
அடுப்படியில் நின்றபடியே
நாற்பத்தேழை மறுபடி கீறத் தொடங்கினேன்.
பால் பொங்கியது. பென்சிலைக் கீழே வைக்கவில்லை.
இரண்டு கதவுகளுக்கு நடுவே
ஒரு புள்ளிக்கோடு மட்டும் புதிது.
அதற்குப் புள்ளி தருவார்களோ தெரியாது.